ஸ்பேசர் போட்டபின் ‘டொக்’ சத்தம், இடப்பக்கம் இழுக்கிறது: எங்கே பார்ப்பது?

வணக்கம். என்னுடையது 2012 மாடல் செடான், 84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஐந்து பேர் ஏறினால் எங்கள் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி உரசும். அதனால் போன ஞாயிறு நானும் மைத்துனரும் வீட்டு வாசலிலேயே முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) இரண்டுக்கும் மேலே, வண்டியை உயர்த்த 20 மி.மீ. ஸ்பேசர் (இடைத்தகடு) போட்டோம். திரும்ப மாட்டும்போது ஸ்ட்ரட் பொருந்தவில்லை. லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) உள்பக்க போல்ட்டைத் தளர்த்திச் சேர்த்து, சக்கரம் தொங்கும்போதே முடுக்கிவிட்டோம். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இல்லை, ஜாக்கி மட்டும்தான்.

இப்போது பள்ளத்தில் இறங்கினால் வலது முன்சக்கரத்தில் ‘டொக்’. ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் வண்டி இடப்பக்கம் போகிறது. புதன்கிழமை குடும்பத்தோடு திருச்செந்தூர் போக வேண்டும்.

பழைய பட்டறைக்காரர்:
தம்பி, ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கடியில் இனி கையைக்கூட நீட்டாதீர்கள். முதலில் இரண்டு ஸ்டாண்டு வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

தொங்கவிட்டு முடுக்கியதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த போல்ட் போகும் புஷ்ஷில் (ரப்பர் வைத்த குழாய் மூட்டு) ரப்பர், உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதும் அது முறுக்கேறியே இருக்கும், சீக்கிரம் கிழியும். பிட் (வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி) உள்ள பட்டறையில், நாலு சக்கரமும் பாரம் தாங்கி நிற்கும்போது அந்த போல்ட்டைத் தளர்த்துங்கள். முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) முடுக்குங்கள்.

சத்தத்துக்கு ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் துண்டு) நட்டை முதலில் பாருங்கள். அடிக்கடி விட்டுப்போவது அதுதான். பிறகு ஸ்ட்ரட்டின் மேல் நட், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) போல்ட். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை ஆட்ட, நீங்கள் மேல் மவுண்டில் கை வைத்தால் தட்டுவது கையில் தெரியும். ஸ்பிரிங் பக்கம் கை போகக்கூடாது.

ஓட்டுநர்:
பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) பார்த்தீர்களா? ஸ்பேசர் போட்டால் சக்கரம் தொங்கும் தூரமும் அதே 20 மி.மீ. கூடும். ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஹோஸும் ஏபிஎஸ் வயரும் எங்கேயும் விறைக்கக்கூடாது. ஆக்சில் பூட்டின் (ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறை) மடிப்பு பிரிந்து நீள்கிறதா என்றும் பாருங்கள்.

இழுப்புக்கு, நக்கிள் போல்ட் துளையில் இருக்கும் சிறு இடைவெளியே காரணமாக இருக்கலாம். இரு பக்கமும் ஒரே மாதிரி உட்காரவில்லை என்றால் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வு) மாறும். உயரம் கூடினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும். எல்லா போல்ட்டும் முடுக்கிய பிறகு வீல் அலைன்மென்ட். முன்னாடி செய்தால் காசு வீண்.

கேட்டவர்:
அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. வலப்பக்க லிங்க் நட் கையாலேயே சுழன்றது! புது நட் போட்டதும் சத்தம் இல்லை. ஆனால் இடப்பக்கம் ஹோஸ் பிராக்கெட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். வலது கோடிக்குத் திருப்பினால் ஹோஸ் கம்பிபோல விறைத்தது. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிரித்துச் சரியாக மாட்டிவிட்டேன். ஹோஸில் கீறல் இல்லை. நாளை பிட்டில் புஷ் போல்ட், அதன்பின் அலைன்மென்ட். திருச்செந்தூருக்கு பஸ்ஸில் போகிறோம்.

பழைய பட்டறைக்காரர்:
நல்லது தம்பி. 100 கி.மீ. ஓடியதும் கழற்றிய நட் ஒவ்வொன்றையும் மறுபடி டார்க் பாருங்கள். முன்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைட்டையும் கொஞ்சம் இறக்கிவையுங்கள்.