புதுப்பிப்பு: வெற்றுக் குழாயில் ஏறிய பச்சை நிறம்

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பினாங்கு பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்து மண்ணில் அம்மோனியம் (மரம் உறிஞ்சும் நைட்ரஜனின் ஒரு வடிவம்) அளக்கும்போது, மண்ணே சேர்க்காத வெற்றுக் குழாயிலும் பச்சை நிறம் ஏறுகிறதே, ஏன் என்று. காரணம் தெரிந்துவிட்டது, வடிதாள்தான்.

10 கிராம் ஈரமண், மண்ணிலிருந்து அம்மோனியத்தைப் பிரித்தெடுக்க 100 மில்லி 2 மோலார் பொட்டாசியம் குளோரைடு உப்புக் கரைசல், ஒரு மணி நேரம் குலுக்கல், இதில் எதையும் மாற்றவில்லை. ஓர் அக்கா இங்கே சொன்னபடி வடிதாளை மட்டும் அதே கரைசலால் இரண்டு முறை கழுவிக் கொட்டிவிட்டு வடிகட்டினேன். அம்மோனியம் இருந்தால் பச்சையாக்கும் சாலிசிலேட்டும் மற்றவையும் சேர்த்துக் காத்திருந்து பார்த்தால் வெற்றுக் குழாய் வெளிர் மஞ்சளாகவே நிற்கிறது, மண் குழாய்தான் பச்சையாகிறது. அவ்வளவு நிம்மதி! தாளிலேயே அம்மோனியம் ஒட்டியிருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

கெல்டால் முறையில் (மண்ணை அமிலத்தில் கொதிக்க வைத்து நைட்ரஜனை அளப்பது) போகலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வழக்கமான கெல்டால் கரிம நைட்ரஜனையும் அம்மோனியத்தையும் சேர்த்துத்தான் காட்டும், நைட்ரேட்டை முழுசாகப் பிடிக்காது, மரம் இப்போது உறிஞ்சக்கூடியது எவ்வளவு என்பதும் அதில் தெரியாது.

இன்னொரு தப்பும் பிடிபட்டது. மண்ணைப் பையில் கட்டி வெயிலில் நின்ற காடிக்குள் மதியம் வரை விட்டிருந்தேன், அந்தச் சூட்டில் நுண்ணுயிரிகள் சும்மா இருக்குமா, அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பழைய எண்களை நம்பப் போவதில்லை. சனிக்கிழமை ஐஸ் பெட்டியோடு போய் எல்லா மாதிரிகளையும் திரும்ப எடுக்கிறேன், அன்றைக்கே குலுக்கி வடித்துவிடுவேன். ஈரப்பதம் எவ்வளவு என்று பார்க்க மண்ணில் ஒரு பங்கை 105 டிகிரியில் காய வைக்கவும் வேண்டும்.