மறு: தெளிப்பான் அமைப்புக்கான தொட்டி – என்ன பெயர்?

அண்ணாச்சி,

தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கிற அமைப்புக்கென்று (ஸ்பிரிங்க்ளர்) மண்ணுக்கடியில் கட்டும் தொட்டிக்குத்தானே தமிழ்ப்பெயர் தேடுகிறோம். 'நிலத்தடி நீர்த்தொட்டி' என்று நீங்கள் சொன்னது கண்ணுக்குப் புரியும், காதுக்குப் புரியாது. நாகர்கோவிலில் யாரிடம் சொன்னாலும் 'நிலத்தடி நீர்' வரை ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, போர்வெல் சமாச்சாரம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

'தீநீர்த் தொட்டி' அதைவிட மோசம். சித்த மருத்துவத்தில் தீநீர் என்றால் வாலை என்ற வடிகலத்தில் வடித்தெடுத்தது. குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமத் தீநீர் கொடுப்போமே, அதுதான். லாரி லாரியாக ஓமத் தீநீரை மண்ணுக்குள் இறக்கி வைத்திருக்கிறோம் என்று நினைக்கப்போகிறார்கள்!

கொத்தனார், பிளம்பர் எல்லோருக்கும் அது 'சம்ப்'. சின்னச் சொல், நல்ல சொல். ஆனால் வீட்டில் குடிக்கப் பிடித்து வைப்பதும் சம்ப்தான். மார்த்தாண்டம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் இதனால்தான் வினை வந்தது. மூடியில் 'சம்ப்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கோடையில் யாரோ தோட்டத்துக்கு மோட்டாரைப் போட்டு இறைத்துவிட்டார்கள். சோதனை செய்த அன்று பம்பு வெறும் காற்றைத்தான் இழுத்தது.

அதனால், தொட்டி எங்கே இருக்கிறது என்பதைவிட 'இதில் கை வைக்காதே' என்பதைப் பெயர் சொல்ல வேண்டும். ஒழுங்காகக் கட்டினால் அமைப்பே அதைச் செய்துவிடும்: வரும் தண்ணீர் முதலில் தீயணைக்க வைத்திருக்கும் இந்தத் தொட்டியில் விழும், அது நிரம்பி வழிந்த பிறகே புழக்கத் தொட்டிக்குப் போகும். இருப்பும் குறையாது, தண்ணீரும் தேங்கி நாறாது. தெளிப்பானின் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி செல்சியசில் உடைந்து தண்ணீரைத் திறந்துவிடும். அந்த நேரத்தில் தொட்டி நிறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

'சேமம்' நம் கைவசம் இருக்கிறது. சேமப்படை, சேமநிதி எல்லாம் ஆபத்துக்கென்று தொடாமல் வைத்திருப்பவைதான். 'தீக்காப்புச் சேமத்தொட்டி' என்கிறேன். நீளமாக இருக்கிறதே என்று 'தீச்சேமம்' என நறுக்கிவிடாதீர்கள், தீயைச் சேர்த்து வைத்தது போலாகிவிடும். (சிலர் 'தீத்தெளிப்பான்' என்று எழுதுகிறார்கள். அது தீயையல்லவா தெளிக்கும்!) மண்ணுக்கடியில் என்று சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் 'நிலவறை' என்பதை முன்னால் சேர்க்கலாம். நம் பக்கம் நிலவறை என்றதும் கோயில் பொக்கிஷம் ஞாபகம் வரும். வரட்டும், மூடியைத் திறக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அப்புறம், ஜாக்கி பம்பு. சின்னக் கசிவுகளால் குழாயில் அழுத்தம் இறங்கும்போது ஏற்றிவிடுவது அதன் வேலை. 'அழுத்தங்காப்புப் பம்பு' ஒத்துவருமா?