காந்தாரி சாஸைக் கோயம்புத்தூர்க் கிடங்குக்கு அனுப்பலாமா?

மிளகாய்க்காடு (கொழிஞ்சாம்பாறை, கேரளம்):
இரண்டு வருடமாக வீட்டில் காந்தாரி மிளகாய் சாஸ் செய்து சித்தூர், கொழிஞ்சாம்பாறைக் கடைகளுக்குப் போடுகிறேன். மாதம் 80 பாட்டில் போகிறது. இப்போது ஓர் இணையச் சந்தைக்காரர்கள், சரக்கைக் கோயம்புத்தூர்க் கிடங்கில் இறக்கிவிட்டால் பொட்டலம் கட்டி வீடு சேர்ப்பது வரை தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். 300 பாட்டில் அனுப்ப நினைக்கிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு இருக்கிறது. ஜிஎஸ்டி எடுக்கவில்லை, வருட விற்பனை வரம்பு 40 லட்சம், என் விற்பனை இரண்டு லட்சத்தைத் தொட்டதில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வேலந்தாவளத்தான்:
அக்கா, அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத சிறு வியாபாரியும் இணையச் சந்தையில் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் வந்த சலுகை, சொந்த மாநிலத்துக்குள் விற்பவருக்கு மட்டும்தான். கோயம்புத்தூர் நமக்குக் காலையில் போய் மத்தியானம் திரும்பும் ஊர்; சட்டத்துக்கு அது வேறு மாநிலம். எல்லை தாண்டி அப்படி விற்றால் முதல் பாட்டிலுக்கே பதிவு வேண்டும். சரக்கு தமிழ்நாட்டுக் கிடங்கில் இருந்தால் அங்கே தனிப் பதிவு எடுத்து, கிடங்கையும் தொழிலிடமாகக் காட்ட வேண்டும். ஒரு பாட்டில்கூட விற்காத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். 80 பாட்டில் விற்பவருக்கு இந்தப் பாரம் எதற்கு?

குமுளிமலை:
தம்பி சொல்லும் சட்டம் சரி, முடிவு தவறு. பதிவு ஒருமுறை எடுக்கும் வேலை. நான் இஞ்சிச் சாஸ் விற்கிறேன். முன்பு கடைக்காரர்களிடம் மூன்று மாதம் நடந்தால்தான் பணம் வரும். விற்காத பாட்டில் லேபிள் கிழிந்து திரும்பி வரும். இப்போது கிடங்கு வழியாகச் சென்னையிலும் பெங்களூரிலும் வாங்குகிறார்கள், பணம் தவணை தவறாமல் கணக்கில் விழுகிறது. இரவு பன்னிரண்டு மணிக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த என் மனைவி இப்போது தூங்குகிறாள். அதற்கு விலை போட முடியுமா?

வேலந்தாவளத்தான்:
அண்ணா, கிடங்குக்கு அனுப்பிய எங்கள் கணக்கையும் கேளுங்கள். 180 ரூபாய் பாட்டிலில் கமிஷன், கிடங்கு வாடகை, அனுப்பும் செலவு போகக் கையில் நின்றது 72. சரக்கும் பாட்டிலும் 58. மிச்சம் 14 ரூபாய், அம்மாவின் கூலியைச் சேர்க்காமல். மே மாதம் 120 பாட்டில் அனுப்பினோம். திரும்பி வந்த பெட்டியைத் திறந்தபோது மூடிகள் உப்பியிருந்தன. ஒன்றைத் திருகியதும் நுரை பொங்கி என் சட்டையெல்லாம் மிளகாய். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

குமுளிமலை:
கேட்கவே வருத்தமாக இருக்கிறது தம்பி. ஆனால் அது ஈஸ்ட்டின் வேலை. சாஸைக் கொதிக்கக் கொதிக்கச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி உடனே மூடிக் கவிழ்த்து வைத்தீர்களா? அக்காவும் இதைக் கவனியுங்கள்: புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். மேலே போனால் போட்டுலிசம் என்ற, உயிரைப் பறிக்கக்கூடிய நோயைத் தரும் நஞ்சு உண்டாகும் ஆபத்து இருக்கிறது, வாசனையில் தெரியாது. வினிகர் ஊற்றினேன் என்ற நம்பிக்கை போதாது, மீட்டரில் பார்க்க வேண்டும்.

வேலந்தாவளத்தான்:
அதை ஒப்புக்கொள்கிறேன், நாங்கள் ஆறவைத்துத்தான் ஊற்றினோம். ஆனாலும் 300 வேண்டாம். காலாவதிக்கு 45 நாளோ, மொத்த ஆயுளில் 30 சதவீதமோ மிச்சமிருக்கும்போதே பொருள் வாங்குபவர் கையில் சேர வேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ இணைய விற்பனையாளர்களிடம் சொல்லியிருக்கிறது. ஆறு மாத சாஸுக்கு விற்பனைக் காலம் நான்கு மாதம் சொச்சம்தான். விற்காததைத் திருப்பி எடுக்கவும் கட்டணம் கேட்பார்கள்.

மிளகாய்க்காடு:
இருவருக்கும் நன்றி. காந்தாரிக்குக் காம்பு கிள்ளிக் கிள்ளி விரல் எரிந்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு எழுதுகிறேன். ஒரு பாட்டிலுக்கு 14 ரூபாய் என்றால் இந்த விரலுக்குக் கட்டாது. ஆனால் கடைக்காரரிடம் நடக்கும் அலுப்பு எனக்கும் தெரியும், அண்ணா சொன்னது மனதில் நிற்கிறது. இப்போதைக்கு 300 இல்லை. சித்தூரில் பிஎச் மீட்டர் வைத்திருப்பவரை விசாரித்திருக்கிறேன். இந்த வாரம் சூடாக ஊற்றிய ஆறு பாட்டிலைத் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து மூடி எப்படி இருக்கிறதென்று எழுதுகிறேன்.