தோல்வித் தரவைப் பகிர வைப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. பாலிமர் கூட்டுப்பொருள் (பிசினோடு இழை போன்றவற்றைச் சேர்த்துச் செய்யும் பொருள்) துறையில் உள்ள சில சிறு நிறுவனங்களும் ஆய்வகங்களும் சேர்ந்து ஓர் அறிவுப் பகிர்வு வலையமைப்பைத் தொடங்க முயல்கிறோம். கூட்டத்துக்கு எல்லோரும் வருகிறார்கள், வெற்றிக் கதைகளைச் சொல்கிறார்கள். எந்தப் பிசின் எந்த வெப்பநிலையில் விரிசல் விட்டது என்று கேட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எங்களுக்கு வேண்டியதோ அதுதான்!

2016-ல் அமெரிக்காவின் ஹேவர்போர்டு கல்லூரி ஆய்வாளர்கள், குறிப்பேடுகளில் முடங்கிக் கிடந்த தோல்வியுற்ற வினைகளையும் கணினிக்குக் கற்பித்து, புதிய படிகங்கள் உருவாகும் நிலைமைகளைக் கணித்தார்கள். 'மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட்' போன்ற, பொருள்களின் பண்புகளைத் தொகுக்கும் திறந்த தரவுத்தளங்கள் பெரும்பாலும் கணினியில் கணக்கிட்ட மதிப்புகளையே தருகின்றன. உற்பத்திக்கூடத்தின் அனுபவத்தை நாம்தான் சேர்க்க வேண்டும்.

கலவை விகிதத்தை மறைத்துவிட்டு, பிசின் இறுகும் வெப்பநிலை, அழுத்தம், நேரம், விளைவு ஆகியவற்றை மட்டும் பகிர்ந்தால் பயன் இருக்குமா? காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே தகவல் வெளியானால் உரிமை பறிபோகலாம் என்று நிறுவனத்தார் அஞ்சுகிறார்கள், அஞ்சுவது நியாயமே. இதற்கேற்ற ரகசியக்காப்பு ஒப்பந்தத்தை எழுதிய அனுபவம் யாருக்காவது உண்டா? ஒரே பொருளின் மாதிரிகளைப் பல ஆய்வகங்களில் சோதித்து ஒப்பிட்டவர்கள், செலவை எப்படிப் பங்கிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.