திருவனந்தபுரம் – மான்செஸ்டர்: உண்மையில் எத்தனை மணி நேரம்? அம்மா தனியாகப் போகிறார்

களியக்காவிளைக்காரன்:
அக்கா மான்செஸ்டரில் நர்ஸ். பிரசவம் பார்க்க அம்மா ஜூனில் போகிறார், விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. டிக்கெட்டில் திருவனந்தபுரம் அதிகாலை 4.30, துபாய் 7.15, அங்கிருந்து 14.30, மான்செஸ்டர் 19.10 என்று இருக்கிறது. கழித்தால் 14 மணி 40 நிமிடம். தூரம் பார்க்கும் தளத்தில் 8,535 கி.மீ., ஒன்பதரை மணி நேரம் என்று காட்டுகிறது. டிராவல்ஸ்காரரோ 19 மணி நேரம் ஆகும் என்கிறார். அம்மாவுக்கு சுகர், இரண்டு வேளை இன்சுலின் போடுகிறார். எந்தக் கணக்கை வைத்து சாப்பாடும் ஊசியும் முடிவு செய்வது?

பாறசாலை அண்ணன்:
டிராவல்ஸ்காரர் சொன்னதுதான் சரி தம்பி. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், மான்செஸ்டர் ஜூனில் நாலரை மணி நேரம் பின்னால் (அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து ஐந்தரை ஆகிவிடும்). அங்கே 19.10 என்றால் நம்ம ஊரில் ராத்திரி 11.40. ஆக மொத்தம் 19 மணி 10 நிமிடம்: துபாய்க்கு நாலேகால் மணி, அங்கே காத்திருப்பு ஏழேகால், அப்புறம் ஏழு மணி 40 நிமிடம்.

தளம் காட்டுவது உருண்டைப் பூமி மேல் நூல் பிடித்த தூரம், நிற்காமல் ஒரே வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. துபாய் வழியாகப் போவதால் பெரிய சுற்று ஒன்றும் இல்லை, 2,950-ம் 5,650-ம் சேர்த்தால் சுமார் 8,600 கி.மீ.தான், துபாய் கிட்டத்தட்ட அதே கோட்டிலேயே இருக்கிறது. நேரத்தைத் தின்பது காத்திருப்பு. ஐரோப்பா போகும்போது எதிர்க்காற்று வேறு, திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடுவதால் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடலாம். 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி மூடியிருப்பதால் அதையும் ஒதுங்கித்தான் போகிறார்கள்.

மார்த்தாண்டம் அக்கா:
தம்பி, அம்மாவின் வாட்சை மாற்றவே வேண்டாம், போய்ச் சேரும்வரை இந்திய நேரமே இருக்கட்டும். மேற்கே போகும்போது பகல் நீளும், வெளியே வெயிலைப் பார்த்து ஊசி நேரத்தைத் தள்ளிவிடக் கூடாது. 19 மணி நேரப் பயணம், நாலரை மணி நேர வித்தியாசம் என்று டாக்டரிடம் சொல்லி, எப்போது எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் வீணாகிவிடும். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். வீல்சேர் உதவிக்கு இப்போதே சொல்லிவையுங்கள், துபாயில் அடுத்த கேட் வரை ஆள் வந்து கூட்டிப்போவார், மொழி தெரியாத அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல்.

களியக்காவிளைக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணே. துபாயில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டுமா? வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

பாறசாலை அண்ணன்:
ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நேராக மான்செஸ்டர் போய்விடும், ஒட்டும் சீட்டில் எம்.ஏ.என். (மான்செஸ்டர் விமான நிலையக் குறியீடு) என்று இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். ராத்திரி 12.15-க்குக் கிளம்புங்கள், அந்நேரம் பாலராமபுரத்தில் நெரிசல் இருக்காது. திருவனந்தபுரத்தில் வெளிநாட்டு விமானத்துக்கு சாக்கை பக்கத்து டெர்மினல், சங்குமுகம் பக்கம் இல்லை.