புதுப்பிப்பு: குண்டின் அடியில் மெழுகு அப்பிக்கொண்ட பிரஸ் சரியாகிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: வீட்டில் வார்த்த ஈயத் துப்பாக்கிக் குண்டுகளை அளவுக்குக் கொண்டுவந்து, அவற்றைச் சுற்றியுள்ள பள்ளங்களில் மசகு மெழுகு நிரப்பும் பிரஸ்ஸின் 0.358 அங்குல டையில் (குண்டு நுழையும் அளவுத் துளை) அழுத்தினால் மேல் பள்ளம் காலியாக நிற்கிறது, அடியில் மட்டும் மெழுகு அப்பிக்கொள்கிறது என்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

மெழுகின் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னதை முதலில் செய்தேன். இன்னும் மோசம், தட்டெல்லாம் பிசுபிசுப்பு. பலித்தது சாட்ஸ்வர்த் அண்ணா சொன்னதுதான்: ஆழத் திருகு, அதாவது குண்டு டைக்குள் எவ்வளவு இறங்கும் என்று வைக்கும் திருகு. என் குண்டு போதுமான அளவு இறங்கவே இல்லை. டையில் மெழுகு வரும் கீழ்த் துளைகள் குண்டின் அடிக்கும் கீழே திறந்து கிடந்தன. கால் சுற்று, ஒரு குண்டு, பார்ப்பது என்று போனேன். மூன்றாவது தடவை இரண்டு பள்ளமும் நிறைந்து, அடி துடைத்த மாதிரி வந்தது. அப்புறம் அழுத்தத்தையும் குறைத்துவிட்டேன். நாலைந்து குண்டுக்கு ஒருமுறை மெழுகைத் தள்ளும் சாவியை லேசாகத் திருப்பினால் போதும்.

எதிர்பாராதது ஒன்று. மறுநாள் காலை மறுபடியும் பள்ளம் காலி! இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஜூலைக் குளிரில் தேன்மெழுகுக் கலவை கல்லாக இறுகியிருந்தது. திருகைத் தொடவில்லை. மனைவியின் ஹேர் டிரையரைப் பிரஸ்ஸின் உடம்பில் பத்து நிமிடம் காட்டினேன், ஓடத் தொடங்கியது. வேறு அச்சுக் குண்டுக்கு மாறினால் ஆழத்தை மறுபடி வைக்க வேண்டும்.