அடையாள அட்டையில் பி பாசிட்டிவ்: சிறார் நாவலில் ரகசியம் இப்படி உடையலாமா?

ஓமலூர்க்காரன்:
12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு அத்தியாயம் முடிந்தது, இணைத்திருக்கிறேன். கதை சேலத்தில் நடக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் கயலுக்குப் பள்ளி அடையாள அட்டைக்காக ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பி பாசிட்டிவ். அப்பாவின் ஓட்டுநர் உரிமத்தில் ஓ. பீரோவில் கிடக்கும் அம்மாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ஓ. இரண்டு ஓ-வுக்கு பி பிறக்காது என்று வகுப்பில் படித்தது ஞாபகம் வருகிறது. கயல், தொட்டில் குழந்தைத் திட்டத்தில், அதாவது வளர்க்க முடியாதவர்கள் அரசுத் தொட்டிலில் விட்டுப் போக, தத்து கொடுக்கப்பட்டு வந்த பிள்ளை. வீட்டில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. கடைசி அத்தியாயத்தில் பெற்ற தாயைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். படித்த நண்பர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

வளர்த்தவள்:
நானும் தொட்டிலில் வந்த பெண்ணைத்தான் வளர்க்கிறேன். 11 வயது. மூன்று வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும், தூங்கப் போகும்போது அவள் கேட்டு வாங்கும் கதையே அதுதான். போன மாதம் ஒரு காதுகுத்தில், ஒரு பெரியம்மா அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "யார் ஜாடைன்னே தெரியலையே" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அவள் அதற்குள் பந்தியில் இடம் பிடிக்க ஓடிவிட்டாள். உங்கள் நாவலை அவள் கையில் கொடுத்தால் என்ன தெரிந்துகொள்வாள்? வளர்த்தவர்கள் பொய்யர்கள், உண்மையான அம்மா வேறெங்கோ இருக்கிறாள் என்றுதானே? தத்துப்பிள்ளை என்றாலே வெடிக்கக் காத்திருக்கும் ரகசியம் என்று எத்தனை காலம் எழுதுவீர்கள்?

ஓமலூர்க்காரன்:
அக்கா, உங்கள் வீடு மாதிரி எல்லா வீடும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வயிற்றில் துணி கட்டிக்கொண்டு ஏழு மாதம் நடமாடி, வளைகாப்பும் நடத்தி, அப்புறம் ஊரையே மாற்றிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு கதை வேண்டாமா?

உயிரியல் டீச்சர்:
ரகசியம் இருக்கட்டும், ரத்த வகையை எடுத்துவிடுங்கள். இரண்டு ஓ-வுக்கு பி பிறப்பதே கிடையாது என்று அடித்துச் சொல்ல முடியாது. 1952-ல் கண்டறியப்பட்ட பம்பாய் ரத்த வகை உள்ளவர்களுக்குச் சாதாரணச் சோதனையில் ஓ என்றுதான் வரும். பி-க்கான மரபணு உள்ளே இருக்கலாம், பிள்ளைக்கும் போகலாம். அது அபூர்வம், சரி. ஆனால் அட்டையில் தப்பாக எழுதுவது அபூர்வமே இல்லை. இந்தப் பாடம் நடத்திய மறுநாள் என் மாணவன் ஒருவன் அழுது வீங்கிய கண்ணோடு வந்தான். வெளியே மறுபடி சோதித்துப் பார்த்தால், முகாமில் அவன் வகையை மாற்றி எழுதியிருந்தார்கள். ஒரு ராத்திரி முழுக்க அவன் யார் பிள்ளையாக இருந்தான் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் வாசகர்களும் அன்று ராத்திரியே பீரோவைத் திறப்பார்கள்.

சட்டம் படித்தவன்:
கடைசி அத்தியாயம் நடக்காது. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் 2022-ன்படி, 18 வயது ஆனவர்தான் தன் வேரைத் தேடித் தனியாக விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் தத்தெடுத்த பெற்றோரோடு சேர்ந்துதான். அதைவிட முக்கியம், குழந்தையை முறைப்படி ஒப்படைத்தால் கையெழுத்து உண்டு, மனம் மாற 60 நாள் அவகாசமும் உண்டு. யாருமறியாமல் தொட்டிலில் விட்டுப் போனவர் பெயரே பதிவேட்டில் இருக்காது. 1992-ல் சேலத்தில் இந்தத் திட்டம் தொடங்கியதே, கள்ளிப்பாலுக்குப் பதிலாக ஒரு தொட்டில் இருக்கட்டும் என்றுதான். பெயர் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பெண்கள் இருட்டில் வந்து போனார்கள். அவர்களில் ஒருத்தி வீட்டுக் கதவை 13 வயதுப் பிள்ளை தட்டுவதாக எழுத எனக்கு மனம் வராது.

தத்துப்பிள்ளை:
எனக்கு 29 வயது. 19-ல் தெரிந்தது, பாகப்பிரிவினைச் சண்டையில் ஒரு சித்தப்பா வாயிலிருந்து. வளர்த்தவள் அம்மா சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். ரகசியத்தை எழுதத்தான் வேண்டும். பெற்றவள் யார் என்ற கேள்வி எனக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வலித்தது வேறு. சொந்தக்காரர்கள் நாற்பது பேருக்கு அது தெரியும். ஒவ்வொரு கல்யாணத்திலும் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் தெரியாது. கயலுக்கு வலிக்க வேண்டிய இடம் அது. அதற்கு ரத்த வகை தேவையில்லை, ஒரு சித்தப்பா போதும்.

ஓமலூர்க்காரன்:
டீச்சர், அட்டையை விட மனமில்லை. ஆனால் அது தப்பாக எழுதப்பட்டதாக மாற்றுகிறேன். கயல் கேட்பாள், வீட்டில் எல்லோரும் தேவைக்கு மேல் பதறுவார்கள். அந்தப் பதற்றத்தில்தான் அவளுக்குப் புரியும். பெற்ற தாய் வரும் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன். அம்மாவும் அப்பாவும் கூட வர, பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் பார்க்கிறாள்: தேதி, நேரம், எடை, சுற்றியிருந்த துணியின் நிறம். ஆனால் அக்கா, மூன்று வயதிலேயே சொல்லிவிட்ட வீடாக மாற்ற மாட்டேன்.

வளர்த்தவள்:
மாற்ற வேண்டாம். நான் இன்னும் உங்களோடு உடன்படவில்லை, என் பெண்ணுக்கு இப்போதைக்கு இதைக் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் ஏழு அத்தியாயத்தையும் படித்தேன். அந்த அம்மா சமைக்கிறாள், தலை பின்னிவிடுகிறாள், பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். ஒரு இடத்தில்கூட அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று வரவில்லை. சொல்ல வாயெடுத்து, "நாளைக்குச் சொல்லலாம்" என்று விட்ட ஒரு ராத்திரியாவது அவளுக்கு இருந்திருக்கும். எனக்கே இருந்தது.

ஓமலூர்க்காரன்:
எட்டாம் அத்தியாயத்தை அந்த ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன், அக்கா. எழுதியதும் முதலில் உங்களுக்கு அனுப்புகிறேன்.